கொறங்காட்டைத் தரிசு என்று எழுதாதீர்கள்

பெறுநர்:
தமிழ்நாடு அரசின் வருவாய்த் துறை, வேளாண்மை – உழவர் நலத்துறை, கால்நடை பராமரிப்பு – பால்வளத் துறைச் செயலர்கள்;
திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்ட ஆட்சியர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று பதியும் கிராம அடங்கலில் ஒரே ஒரு சொல்லை மாற்றச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், சென்னிமலை, அரவக்குறிச்சிப் பக்கம் கிளுவை முள்செடி வேலிக்குள் இருக்கும் மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகள் பெரும்பாலும் 'தரிசு' என்றே கணக்கில் ஏறுகின்றன. உழவு ஓட்டவில்லை, விதைக்கவில்லை, அறுக்கவில்லை, ஆகவே தரிசு. ஆனால் அந்தக் காட்டுக்கு விளைச்சல் உண்டு. அது களத்துமேட்டுக்கு வராமல், கட்டுத்தரை வழியாகத் தாழிக்கும், தாழியிலிருந்து நெய்ச்சட்டிக்கும் போகிறது. ஊத்துக்குளி வெண்ணெய் என்று ஊர் ஊராகப் பெயர் சொல்லி வாங்குகிறார்களே, அந்தப் பேரில் இந்தப் புல்லுக்கும் பங்கு இருக்கிறது.

கொறங்காடு வைத்திருப்பவர்களும், எருமையும் மாடும் கறப்பவர்களும், வெண்ணெய் கடைந்து நெய் உருக்கி விற்பவர்களும், அந்த நெய்யையும் ஆட்டுக் கொழுப்பையும் சட்டியில் போட்டுச் சமைப்பவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். நெய் நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்கு நாங்கள் வரவில்லை. நெய்யில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. அதை அளவாகத்தான் சாப்பிட வேண்டும். நியாயவிலைக் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலுக்கு அது மாற்றும் ஆகாது. எங்கள் பேச்சு அந்த நெய் எந்த மண்ணிலிருந்து வருகிறது, அந்த மண்ணுக்கு ஆவணத்தில் என்ன பெயர் என்பதோடு முடிகிறது.

முதலில் காடு. இது பொது நிலம் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். மேய்க்கால் புறம்போக்கு வேறு, கொறங்காடு வேறு. புறம்போக்கைக் காக்க நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன. 2011-இல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றச் சொன்னது நாடு முழுவதற்கும் பொருந்தும். கொறங்காடோ பட்டா நிலம். உடையவர் விற்றால் விற்றதுதான். காவிரி டெல்டாவுக்கு 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அதன் எல்லையும் இந்த வறட்டு மேட்டுக்கு எட்டாது, அது தடுக்கும் தொழில்களும் இங்கே வருபவை அல்ல. ஆக இந்த நிலத்துக்கு இருக்கும் ஒரே காவல், அதை வைத்திருப்பவருக்கு அதில் வருமானம் இருக்கிறது என்பது மட்டுமே. ஆவணம் அந்த வருமானத்தையே இல்லை என்கிறது.

காட்டின் அமைப்பு எளிது. சரளைக் கல் கலந்த செம்மண். ஆண்டு மழை 600 மில்லிமீட்டரைச் சுற்றி, அதில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே நரிப்பயறு போன்ற கொடிகள், தலைக்கு மேல் வெள்வேல மரங்கள். நான்கைந்து ஏக்கர் கொண்ட காடுகளாகப் பிரித்து, படல் போட்டு, ஒன்றில் மேயவிட்டு மற்றதை மூடி வைப்பது வழக்கம். மூன்று அடுக்கும் ஒன்றையொன்று தாங்குகின்றன. வேலி இருப்பதால் ஆள் இல்லாமல் மேய விடலாம்; மேய்வதால் புல் தூர் கட்டும்; சாணமும் புழுக்கையும் அங்கேயே விழும்; கோடையில் புல் காய்ந்த பிறகு உதிரும் வேலங்காய் ஆட்டுக்குத் தீனி. மின்மோட்டார் கிடையாது, உர மூட்டை கிடையாது. காங்கேயம் மாட்டினம் வளர்ந்தது இந்த வேலிகளுக்குள்தான். பழையகோட்டைப் பட்டக்காரர் தொழுவத்தில் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய இனம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தத் தொழுவத்துக்குப் பின்னால் இருந்த புல்லை யாரும் சொல்வதில்லை.

ஒரு காட்டைப் புதிதாக எழுப்பிப் பார்த்தவர்களுக்கு அதன் விலை தெரியும். ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ புல் விதை வேண்டும். அந்த ஆண்டு உதிர்ந்த விதை உடனே முளைக்காது. ஆறிலிருந்து எட்டு மாதம் உறங்கும். இது தெரியாமல் புது விதையை வாங்கித் தூவி, முளைக்கவில்லை என்று மறுபடி உழுதவர்கள் நிறைய. விதை பஞ்சுபோல் இலேசானது, கையில் ஒட்டும், காற்றில் பறக்கும். மணலோடு பிசறித்தான் தூவ வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மண் மூடினால் மேலே வராது. ஆகவே விதைத்த பிறகு கலப்பையை இறக்கக் கூடாது. முள்கட்டையை இழுத்தாலே போதும். முதல் மழைப் பருவத்தில் மேயவிடக் கூடாது. கதிர் முற்றித் தானாக விதை உதிர்ந்த பிறகே படலைத் திறக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு சாண் தூரை விட்டு மாட்டை வெளியேற்ற வேண்டும். அடி வரை கடித்துவிட்டால் வேர் இளைக்கும். அந்த இடைவெளியில் பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும் ஏறும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட நீலக் கொழுக்கட்டைப் புல்லான கோ 1 இரகத்தையும் விதைக்கலாம். ஆனால் ஆண்டுக்கு நான்கைந்து அறுப்பு, எக்டேருக்கு 40 டன் என்று கையேடு சொல்லும் விளைச்சலை இந்த மேட்டு மானாவாரியில் எதிர்பார்க்கக் கூடாது.

வேலி அதைவிடப் பொறுமை கேட்கும். இலை உதிர்ந்து நிற்கும் நாட்களில் கிளுவைப் போத்துகளை இடுப்பு உயரத்துக்கு வெட்டி, மழைக்கு முன் நெருக்கமாக நட வேண்டும். ஆடு நுழையாத அளவுக்கு அது அடைந்து நிற்கப் பல வருடங்கள் ஆகும். ஜேசிபி அதை ஒரு முற்பகலில் பிடுங்கிப் போடும்.

வேலி விஷயத்தில் இன்னொன்று. ஒருவர் காட்டின் வேலி பக்கத்துக் காட்டுக்கும் வேலி. நடுவில் ஒரு துண்டு விற்கப்பட்டு வேலி எடுக்கப்பட்டால், விற்காதவரின் காடும் ஒரு பக்கம் திறந்துகொள்கிறது. அவர் கம்பி வாங்க வேண்டும், இல்லையென்றால் ஆள் போட வேண்டும். தெருநாய்கள் ஆட்டுப்பட்டிக்குள் புகுந்து கடித்துக் குதறும் தொல்லை காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் எவ்வளவு என்று மாவட்ட நிர்வாகத்துக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வருடம் அவரும் விற்கிறார். நிலமாற்ற அனுமதிக் கோப்பில் ஒரு புல எண்தான் இருக்கும். ஆனால் காட்டில் அது இழுப்பது ஐந்தாறு புல எண்களை.

இனி கொழுப்புக்கு வருவோம். புல் எப்படி நெய்யாகிறது என்பதைவிட, புல் போனால் நெய் எப்படிக் கெடுகிறது என்று பார்த்தால் தொடர்பு சட்டென்று புரியும்.

நிறம் முதலில். பசும்புல்லில் இருக்கும் கரோட்டின் பசுவின் கொழுப்பில் அப்படியே சேர்ந்து மஞ்சளாகத் தெரியும். எருமை அதை வைட்டமின் ஏ-ஆக மாற்றிவிடுவதால் எருமை நெய் வெள்ளை, சில நேரம் இளம்பச்சை ஓட்டம். பசுநெய் வெளிறியிருந்தால் மாடு பச்சையைக் கண்டு நாளாயிற்று என்று பொருள். கடையில் ஆண்டு முழுக்க ஒரே மஞ்சளில் நெய் கிடைத்தால்தான் சந்தேகப்பட வேண்டும். மழைக்காலத்து நெய்யும் சித்திரை நெய்யும் ஒரே நிறத்தில் இருப்பது இயற்கை இல்லை.

அடுத்தது பதம். பருத்திக்கொட்டை நிறையத் தின்ற எருமையின் நெய் கெட்டியாகும், மணி பெரிதாகும், உருகச் சற்றுக் கூடுதல் சூடு கேட்கும். அதில் குறுங்கொழுப்பு அமிலங்களின் பங்கும் குறையும். அதனால்தான் பருத்தி விளையும் பகுதிகளின் நெய்க்கு, அந்த அமிலங்களை அளக்கும் ரீச்சர்ட்–மெய்சல் எண்ணில் நெய்த் தரவிதிகள் நெடுங்காலம் தனி அளவு வைத்திருந்தன. மாடு என்ன தின்றது என்பது ஆய்வகக் கண்ணாடியில் எண்ணாகத் தெரியும் என்று விதியே ஒப்புக்கொண்ட இடம் இது. அடங்கல் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு வாடை. கொழுப்பு மணத்தைப் பிடித்து வைக்கும். நல்ல மணத்தையும் கெட்டதையும் ஒரே ஆசையோடு பிடிக்கும். புல் இளைத்த காட்டில் பார்த்தீனியம் ஏறி, வேறு வழியின்றி மாடு அதைக் கடித்தால் பால் கசக்கும். அந்தக் கசப்பு வெண்ணெயைக் கழுவினாலும் முழுக்கப் போகாது. முருங்கைக்கீரை போட்டு உருக்கினால் மறைந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். மறையாது.

கடைவதும் உருக்குவதும் எங்கள் கைவேலை. அதில் வரும் தவறுகளை மண்மேல் போட மாட்டோம். தயிர் கடைய ஏற்ற சூடு 20 முதல் 22 டிகிரி. விடியலுக்கு முன் மத்தைப் பிடிப்பதன் காரணம் இதுதான், பழக்கம் என்பதெல்லாம் பிறகு. வெயிலில் கடைந்தால் வெண்ணெய் திரளாமல் எண்ணெயாகக் குழைந்து, கொழுப்பு மோரோடு போகும். பங்குனி சித்திரையில் தாழியில் குளிர்ந்த நீர் விட வேண்டும்; மார்கழியில் வெந்நீர். திரண்ட வெண்ணெயை மோர் வடியும் வரை இரண்டு மூன்று தண்ணீரில் கழுவாவிட்டால் புளிப்பு தொடரும். ஒரு வாரம் பானையில் சேர்த்து வைத்து உருக்கும் வழக்கம்தான் பல வீட்டு நெய்யின் முதல் எதிரி. குளிர்பெட்டி இல்லையென்றால் இரண்டு நாளைக்கு மேல் வைக்கக் கூடாது.

உருக்கும்போது பாத்திரம் அடி கனமாகவும் பாதிதான் நிறைந்தும் இருக்க வேண்டும், நுரை ஏறி வழியும். முதலில் பெரிய குமிழி, சளசளவென்று சத்தம். தண்ணீர் இருக்கும் வரை சூடு நூறைத் தாண்டிச் சிறிதளவே ஏறி நிற்கும். சத்தம் அடங்கி நுரை பொடியாகி இரண்டாம் முறை எழும்பும்போது தண்ணீர் முடிந்தது. அங்கிருந்து சூடு மளமளவென்று ஏறும். அந்த ஐந்து நிமிடத்தில்தான் நெய் தேறுவதும் தீய்வதும். ஒரு கொத்து முருங்கைக்கீரையைப் போட்டுப் பார்க்கலாம். இலை மொறுமொறுத்து, அடியில் கசண்டு பொன்னிறமானதும், 112 டிகிரியில் அடுப்பை அணைத்தால் பாத்திரத்தின் சூட்டிலேயே இன்னும் நான்கைந்து டிகிரி ஏறிச் சரியான பதத்தில் நிற்கும். 120-ஐத் தாண்டவிட்டால் கசண்டு கருகி நெய் முழுக்கத் தீய்ந்த வாடை. முன்னதாக இறக்கினால் ஈரம் தங்கும். அரை விழுக்காட்டுக்கு மேல் ஈரமுள்ள நெய் தரவிதிக்கும் ஒத்துவராது, மாதக்கணக்கில் நிற்கவும் நிற்காது. எண்பது விழுக்காடு கொழுப்புள்ள 10 கிலோ வெண்ணெய் ஏழே முக்கால் கிலோ நெய் தரும். நீர் கோத்த வெண்ணெய் என்றால் ஏழு கிலோ. மணல்மணலாக உறைய வேண்டுமா, 28 டிகிரிச் சூட்டில் ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். குளிர்பெட்டியில் வைத்து அவசரப்படுத்தினால் மெழுகு மாதிரி வழவழப்பாகிவிடும். செம்பு, இரும்புப் பாத்திரத்தில் ஊற்றி வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும்.

இவ்வளவு பக்குவமும் செய்து முடித்த நெய்யோடு சந்தையில் போட்டி போடுவது வனஸ்பதியும் பாமாயிலும் கலந்த நெய். வனஸ்பதியில் நல்லெண்ணெய் ஐந்து விழுக்காடு இருக்க வேண்டும் என்று விதி வைத்ததே அதைக் கண்டுபிடிக்கத்தான். ஐந்து மில்லி உருகிய நெய்யில் ஐந்து மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சில துளி ஃபர்ஃபுரால் கரைசலும் விட்டு இரண்டு நிமிடம் குலுக்கி வைத்தால், அடியில் நிற்கும் அமிலம் சிவக்கும். இதுதான் பௌடோயின் சோதனை. அமிலம் கையைச் சுடும்; சமையலறையில் யாரும் முயல வேண்டாம். ஆனால் நல்லெண்ணெய் கலக்காத பாமாயிலை இந்தச் சோதனை காட்டாது. அதற்குத் தாவர ஸ்டெரால் சோதனையும் கொழுப்பு அமில அளவீடும் வேண்டும்; அந்தக் கருவிகள் பெரிய ஆய்வகங்களில்தான் உண்டு. கலப்பட நெய் அரை விலைக்குக் கிடைக்கும்போது முதலில் நொடிப்பது தாழி இல்லை, காடு. எருமையை விற்றுவிட்டு வேலைக்குப் போகிறவருக்கு மேய்ச்சல் காடு எதற்கு?

ஆட்டுக் கொழுப்பையும் விட்டுவிடக் கூடாது. கொறங்காட்டில் மாட்டைவிட இப்போது மேச்சேரிச் செம்மறிதான் அதிகம் தென்படுகிறது. குடல்மேல் சவ்வாக இருக்கும் கொழுப்பையும் சிறுநீரகத்தைச் சுற்றிய கட்டிக் கொழுப்பையும் பலர் கழித்துவிடுகிறார்கள். விரல்கணு அளவு நறுக்கி, அரை டம்ளர் தண்ணீர் விட்டு, மிகச் சிறு தீயில் முக்கால் மணி நேரம் வைத்தால் தெளிந்து இறங்கும். தண்ணீர் விடாமல் வைத்தால் கொழுப்பு உருகும் முன் அடி கருகும். வடிகட்டி வைத்த கொழுப்பில் சின்ன வெங்காயத்தையும் வரமிளகாயையும் வதக்கிக் கறியைப் போட்டால் வேறு எண்ணெயே தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: செம்மறிக் கொழுப்பு நாற்பது டிகிரிக்கு மேல்தான் முழுதாக உருகும். ஆறின குழம்பில் வெள்ளைப் படலம் கட்டி உதட்டிலும் மேலண்ணத்திலும் ஒட்டும். சூடாகப் பரிமாற வேண்டும், இலையில் விழும் சோறும் சூடாக இருக்க வேண்டும்.

சரி, இந்தத் 'தரிசு' எவ்வளவு விளைகிறது? கணக்குப் போட்டுக் காட்டுகிறோம், தப்பென்றால் திருத்துங்கள். ஏழு விழுக்காடு கொழுப்புள்ள எருமைப் பாலில் லிட்டருக்கு 72 கிராம் கொழுப்பு. மோரோடு போவதும் கசண்டில் நிற்பதுமாகப் பதினைந்து விழுக்காடு கழித்தால் 61 கிராம். ஒரு கிலோ நெய்க்கு 16 லிட்டர் பால். நாளுக்கு ஆறு லிட்டர் கறக்கும் எருமைக்கு அது இரண்டே முக்கால் நாள் வேலை. 450 கிலோ உடம்புள்ள எருமை, ஈரம் நீக்கிய கணக்கில், ஒரு நாளைக்கு 12 முதல் 13 கிலோ தீனி தின்னும். ஆக ஒரு கிலோ நெய்க்கு 34 கிலோ. சோளத்தட்டும் புண்ணாக்கும் தவிடும் அதில் பாதி என்று வைத்தால், காட்டுப்புல் 17 கிலோ. ஏக்கருக்கு ஒரு டன் உலர்புல், அதில் பாதிதான் வாய்க்குப் போகும் என்று கொண்டால், நான்கு ஏக்கரில் இரண்டு டன். நெய்க்கணக்கில் 118 கிலோ. வற்றுக்காலம், கன்றுக்குட்டியின் பங்கு எல்லாவற்றுக்குமாகப் பாதியைக் கழித்துவிடுங்கள். ஏறத்தாழ 60 கிலோ நெய். மழை தவறிய ஆண்டில் 20 கிலோவும் தேறாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். ஆழ்துளைக் கிணறும் இலவச மின்சாரமும் இல்லாமல், கடினச் சரளையில், நான்கு ஏக்கரில் கிடைப்பது இது. இதற்கு வெளியே பசுஞ்சாணம், கிடா, கன்று, கிளுவைத் தழை, வேலங்காய்.

நாட்டின் சமையலெண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. அந்தப் பாமாயில் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் காடு இருந்த நிலத்தில் விளைந்தது. இங்கே கொழுப்பு தரும் நிலத்தைத் தரிசென்று மூடிவிட்டு அங்கே இன்னொரு நிலத்திலிருந்து கொழுப்பு வாங்குகிறோம். நெய்யால் அந்த இடைவெளியை நிரப்ப முடியாதுதான். இருப்பதையாவது அழிக்காமல் இருக்கலாம்.

நான்கு முதல் ஐந்து ஏக்கர் என்பது ஒரு கொறங்காட்டின் அளவு. ஒரு மெகாவாட் சூரிய மின்தகடுகளுக்குத் தேவைப்படும் இடமும் அதே நான்கு முதல் ஐந்து ஏக்கர். சந்தையில் இந்தப் பொருத்தம் யாருக்குத் தெரியாமல் போகும்? சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. காற்றாலை வந்தபோது கால் ஊன்றிய இடமும் சாலையும் போக மீதியில் புல் நின்றது. தகடு வரும்போது வெள்வேல மரம் நிழல் விழும் என்று வெட்டப்படுகிறது, வேலி பிடுங்கப்படுகிறது, தரை சமன் செய்து ஜல்லி போட்டு இறுக்கப்படுகிறது, முளைக்கும் புல்லுக்குக் களைக்கொல்லி. அதோடு அந்த இடத்தில் மண்ணுக்குள் உறங்கும் விதை இருப்பு முடிந்தது. வேறு வழியில் செய்யலாம். தகட்டின் தாழ்ந்த விளிம்பு மூன்றடி உயரத்தில் இருந்தால் செம்மறி அடியில் தாராளமாக மேயும். வெள்ளாட்டை விடக் கூடாது, ஏறும். கம்பிகளைக் குழாய்க்குள் விட வேண்டும். ஜல்லி வேண்டாம், களைக்கொல்லி வேண்டாம். தெற்கே நிழல் விழுத்தாத வடக்கு ஓரத்து மரங்களை விடலாம். கிளுவை வேலிக்கு உள்பக்கமாகக் கம்பி வேலி போட்டுக்கொள்ளட்டும். புல்லை வெட்டும் கூலி மிச்சம் என்பதால் நிறுவனத்துக்கும் நட்டமில்லை. இதை நிபந்தனையாக எழுதி அனுமதி தர வேண்டியது உங்கள் கையில்.

ஆகவே கேட்பது இதுதான். அடங்கலில் கொறங்காட்டைப் பயிராக எழுதுங்கள். பயிர்ப் பெயர் கொழுக்கட்டைப் புல், வகை மானாவாரித் தீவனம். மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பின் பட்டியலிலும் அதே பெயர் இருக்கட்டும். எழுதிவிட்டால், புல் விதைக்கும் வேலி நடவுக்கும் கடன் கேட்கும்போது வங்கியில் காட்ட ஒரு தாள் இருக்கும். கால்நடை வளர்ப்புக்கும் 2018–19 முதல் உழவர் கடன் அட்டை உண்டு என்று அறிவித்த பிறகும், தீனி விளையும் நிலத்தைத் தரிசென்று காட்டும் அடங்கலோடு அந்த மேசையில் போய் நிற்பது எப்படி? மாவட்டப் புள்ளிவிவரத்தில் தரிசுப் பரப்பு குறையும். நாட்டின் தரிசுநில வரைபடம் புதரும் புல்லும் நிற்கும் நிலத்தையெல்லாம் பயனற்ற நிலம் என்று காட்டுவதைத் திருத்த இதுவே முதல் படி.

ஊரமைப்புத் திட்டத்துக்கு வெளியே உள்ள ஊர்களில் வேளாண் நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற 2017-இல் விதிகள் வந்தன. அந்த வழியில் வரும் கொறங்காட்டுக் கோப்புகளில் கால்நடை மருத்துவரின் குறிப்பு ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள்: அந்தக் காட்டில் எத்தனை உருப்படி மேய்கிறது, பொது வேலி எத்தனை பேருக்கு, தொட்டி நீர் எங்கிருந்து. ஒரு பக்கம் போதும். ஊத்துக்குளியிலோ காங்கேயத்திலோ சிறு நெய் ஆய்வகம் ஒன்று வையுங்கள். ஈரம், அமிலத்தன்மை, பௌடோயின், ரீச்சர்ட்–மெய்சல் நான்கையும் செய்யப் பெரிய கட்டடம் வேண்டியதில்லை. பால் சங்கத்தில் கொழுப்பைப் புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் வரை அளந்து காசு தருகிறார்கள். அந்தக் கொழுப்பு மேய்ந்த காட்டை ஏக்கர்க் கணக்கிலாவது அளக்க வேண்டாமா?

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறோம். தரிசு என்று எழுதியிருப்பதைப் பார்த்து மரம் நட வரும் நல்ல உள்ளங்களிடம் எங்களுக்குப் பயம் அதிகம். புல்வெளியில் மூன்றடிக்கு மூன்றடி குழி தோண்டி, வேம்பும் புங்கமும் வைத்து, தண்ணீர் இல்லாமல் அது பட்டுப்போன பிறகு, தோண்டின இடமெல்லாம் பார்த்தீனியம் முளைத்து நிற்கும். இங்கே வெள்வேலம் போதும். அதுவும் தானே முளைக்கும், ஆட்டின் வயிற்றுக்குள் போய் வந்த விதையிலிருந்து.

கடைசியாகக் கள ஆய்வு. நிலமாற்றக் கோப்புக்கான ஆய்வு சித்திரை, வைகாசியில் நடந்தால், வருபவர் கண்ணில் படுவது பழுப்புத் தூரும் சரளையும்தான். 'பயிர் இல்லை, தரிசு' என்று நேர்மையாகவே எழுதிவிட்டுப் போவார். கார்த்திகையில் வந்தால் முழங்கால் உயரத்துக்குக் கதிர் ஆடும். ஆகவே கொறங்காட்டு ஆய்வை ஐப்பசி முதல் மார்கழிக்குள் வைக்க ஓர் உத்தரவு போடுங்கள். கோடையில்தான் வர முடியும் என்றால் ஆய்வாளர் ஒரு குடம் தண்ணீர் கொண்டு வரட்டும். காய்ந்து கிடக்கும் தூர் ஒன்றைத் தேர்ந்து, மாலையில் ஊற்றி, அடையாளக் கல் வைத்துவிட்டுப் போகட்டும். ஒரு வாரம் கழித்து அதே இடத்துக்கு வந்து தூரைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு அடங்கலில் எழுதட்டும்.

இப்படிக்கு,
கொறங்காடு உடையவர்கள், கறவைக்காரர்கள்,
வெண்ணெய் – நெய் தயாரிப்போர், சமையல்காரர்கள்